ஐஸ் ஹவுஸின் கதவு

ஒவ்வோர் ஆண்டும் இரண்டாம் ஆண்டு மாணவிகளைக் கடற்கரைச் சாலையிலுள்ள ஐஸ் ஹவுஸுக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். 'பெண் வரலாறும் இலக்கியமும்' தாளுக்கான களப்பயணம் என்று அனுமதிக் கடிதத்தில் எழுதுவேன். உண்மையில் கல்லூரியிலிருந்து பேருந்தில் இருபது நிமிடம்தான். முன்பக்கம் அரைவட்டமாக வளைந்து நிற்கும் அந்தக் கட்டடத்தின் எதிரில், நடைபாதை மர நிழலில் நின்றுகொண்டு பேசுவேன். உள்ளே போகும் முன் அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சகோதரி சுப்பலட்சுமி பற்றி, இங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து படித்த இளம் விதவைகள் பற்றி. சற்று உணர்ச்சிவசப்பட்டுத்தான் பேசியிருப்பேன். முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள். அவள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், நடுக்குப்பத்தில்.

"மேடம், எங்க ஆயாவோட அம்மாவும் சின்ன வயசுலயே புருஷன கடல்ல விட்டவங்கதான். அவங்கள உள்ள விட்டிருப்பாங்களா?"

"அது பிராமண விதவைகளுக்கான விடுதிம்மா" என்றேன். சொல்லிவிட்டு, "அந்தக் காலத்துல அதுவே பெரிய விஷயம்" என்று சேர்த்துக்கொண்டேன். அவள் தலையாட்டினாள். எல்லோரும் உள்ளே போனோம்.

நான் சேர்த்துக்கொண்ட அந்த இரண்டாவது வாக்கியம் அன்றிலிருந்து என்னை உறுத்துகிறது. உண்மையான வாக்கியம்தான். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. கேள்வியை நகர்த்தி வைப்பதற்காகச் சொன்னது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை மறுபடி எடுத்து முன்னால் வைக்கும் முயற்சி.

*

முதலில் வீட்டைப் பற்றி.

ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர் பனிக்கட்டி விற்றுப் பணக்காரர் ஆனவர். அமெரிக்காவின் வடகிழக்கில் குளிர்காலத்தில் ஏரிகள் உறையும். அந்தப் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தது. புறப்படும்போது 180 டன். நான்கு மாதப் பயணத்துக்குப் பின் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் பனிக்கட்டிக்கென்று கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கிடங்கு 1842 வாக்கில் கட்டப்பட்டது. தோரோ தன் 'வால்டன்' நூலில், தன் குளத்துப் பனியை ஆட்கள் அறுத்துச் செல்வதைப் பார்த்துவிட்டுச் சென்னைவாசிகளையும் நினைத்துக்கொள்கிறார். ஊருக்கு வெளியே தனியே உட்கார்ந்து எளிய வாழ்வைச் சிந்தித்தவரின் குளத்து நீர் இந்தக் கரைக்கும் வந்திருக்கலாம் என்பதை மாணவிகளிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

பனி உருகாமல் இருக்க வேண்டுமானால் கட்டடத்துக்குள் காற்றும் வெயிலும் புகக் கூடாது. ஆகவே தடித்த சுவர்கள், உருளை வடிவம், சன்னல் கிடையாது. துறைமுகமும் அப்போது கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, அலையைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்த்தவை கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். அவற்றை ஓட்டியவர்கள் கரையோரத்து மக்கள். இன்றைய அகலமான மணல்வெளியும் அன்று இல்லை. பின்னால் துறைமுகம் கட்டியதால் மணல் சேர்ந்து கடல் விலகிப்போயிற்று. கடலும் கிடங்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பனி போய்ச் சேர்ந்தது வெள்ளைக்காரர் வீட்டு மேசைக்கும், காய்ச்சலில் கிடந்தவர்களின் நெற்றிக்கும். சுமந்த தோள்களில் அது சற்று நேரம் சொட்டியிருக்கும், அவ்வளவுதான்.

1870களில் சென்னையிலேயே எந்திரத்தில் பனிக்கட்டி தயாரிக்கத் தொடங்கினார்கள். டியூடர் வணிகம் படுத்தது. கட்டடத்தை உயர்நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். அவர்தான் கிடங்கை வீடாக்கியவர். சுவர்களில் சன்னல்கள் திறந்தார், வளைந்த தாழ்வாரங்கள் கட்டினார், தனக்கு வேண்டிய நீதிபதி கெர்னனின் பெயரால் 'கேசில் கெர்னன்' என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில், மேற்கிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே ஒன்பது நாட்கள் தங்கினார். அவர் அனுப்பிய ராமகிருஷ்ணானந்தர் அதே வீட்டில் மடத்தைத் தொடங்கினார். ஐயங்கார் இறந்தபின் வீடு 1906இல் ஏலத்துக்கு வந்தது. மடம் அடுத்த ஆண்டு மயிலாப்பூருக்கு, அன்றைய பிராடீஸ் சாலைக்கு இடம்பெயர்ந்தது. 1917இல் அரசு கட்டடத்தை வாங்கியது. 1963இல், விவேகானந்தர் பிறந்த நூற்றாண்டில், அதற்கு 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர் வைத்தார்கள். 1997இல் அரசு அதை ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்கு அளித்தது; இன்று கண்காட்சிக் கூடமாக இருக்கிறது.

1917க்கும் 1963க்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி விட்டிருக்கிறேன். வீட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தாண்டுவார்கள். அந்த இடைவெளியில்தான் பெண்கள் இருந்தார்கள்.

வீட்டுக்கு இருந்த மூன்று பெயர்களையும் பாருங்கள். சரக்கின் பெயர், நீதிபதியின் பெயர், துறவியின் பெயர். இதில் எவர் மீதும் எனக்குக் குறை இல்லை. ஒன்பது நாள் தங்கியவர் பெயர் வீட்டுக்கு நிலைப்பதும், ஒரு தலைமுறைக் காலம் அங்கே உண்டு உறங்கிப் படித்து அழுது சிரித்தவர்கள் பெயர் நிலைக்காததும் இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. பேருந்து நிறுத்தத்தில் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் இறங்குகிறோம். உருகிப்போகும் பொருளுக்குக் கிடைத்த நினைவு அந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

*

நான் தமிழ் படித்தவள். ஒரு வீட்டைப் பற்றி யோசிக்கும்போது சொல்லில்தான் போய் நிற்பேன். 'இல்' என்றால் வீடு. இல்லாள் என்றால் மனைவி. இதற்கு ஆண்பாலாக இல்லான் என்று சொல்லிப் பார்த்தால் வீட்டுக்குரியவன் என்று பொருள் வராது. ஒன்றும் இல்லாதவன் என்று வரும். வீட்டோடு சேர்த்துப் பெயரிடப்பட்டவள் பெண்தான். மனைக்கு மனைவி, அகத்துக்கு அகமுடையாள். ஆனால் வாடகை வசூலிப்பவரைக் கேட்டால் வீட்டுக்காரர் என்கிறோம். கணவனையும் அப்படியே சொல்கிறோம். பெண்ணுக்கு வீடு பெயரில் இருக்கிறது, பட்டாவில் இல்லை.

கணவன் இறந்த அன்று அந்தப் பெயரும் போய்விடும். புறநானூற்றில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது. நெய் இல்லாத நீர்ச்சோறும் வேளைக்கீரையும் தின்று, பாய்கூட இல்லாமல் பருக்கைக் கல் மேல் படுக்கும் கைம்மையை விடத் தீ தேவலை என்று அவள் சொல்கிறாள். வகுப்பில் இதை நடத்தும்போது கற்பு, வீரம் என்று குறிப்பெடுத்துக்கொள்ள மாணவிகள் தயாராக இருப்பார்கள். நான் அவர்களைப் பாயிடம் நிறுத்துவேன். ஓர் அரசிக்கே அடுத்த நாள் பாய் இருக்காது என்பதை முதலில் பாருங்கள் என்பேன். வீடு இருக்கும். அதில் அவளுக்கு இடம் இருக்காது. பேச்சுவழக்கில் இதற்கு ஒரு சொல் உண்டு: மூலை. 'மூலையில உட்கார வச்சுட்டாங்க.'

அந்த மூலையிலிருந்து எழுந்து வந்தவர் சுப்பலட்சுமி. 1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர். பதினொரு வயதில் திருமணம். சிறிது காலத்திலேயே கணவனை இழந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் பொறியாளர். மகளை மூலையில் உட்கார வைக்க அவர் சம்மதிக்கவில்லை, படிக்க வைத்தார். சிற்றன்னை வாலாம்பாளும் இளம் விதவைதான். அவர் கடைசிவரை துணை நின்றார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார் சுப்பலட்சுமி. அடுத்த ஆண்டே, கல்வித்துறையில் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்சின் துணையோடு, எழும்பூரில் நான்கு சிறுமிகளோடு விடுதி தொடங்கிற்று. நால்வரும் விதவைகள்.

எண்ணிக்கை கூடக் கூட இடம் போதவில்லை. 1910களின் நடுவில் ஐஸ் ஹவுஸுக்கு வந்தார்கள். விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வாசலிலிருந்து திரும்பிப் போகும் ஊர். அந்த ஊரில் ஒரு வீடு நிறைய விதவைகள். ஐஸ் ஹவுஸுக்கு எதிர்வீடு கிடையாது, கடல்தான் இருந்தது. அவர்கள் காலையில் கதவைத் திறந்தால் முகம் சுளிக்க ஆள் இல்லை. சன்னல் இல்லாமல் கட்டி, பின்னால் சன்னல் திறந்த அந்தச் சுவர்களுக்குள் அவர்கள் கணக்கும் ஆங்கிலமும் படித்து ஆசிரியைகள் ஆனார்கள். சற்றுத் தெற்கே 1914இல் பெண்களுக்கான கல்லூரி தொடங்கியிருந்தது, இன்றைய ராணி மேரி கல்லூரி. ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. ஒரே கடற்கரைச் சாலையில் பள்ளி, கல்லூரி, பயிற்சி எல்லாம் அமைந்தன. மறுமணத்தை அல்ல, படிப்பையும் சம்பளத்தையும்தான் சுப்பலட்சுமி முன்வைத்தார். அந்தச் சம்பளம் அந்தப் பெண்களுக்கு வாடகை கொடுக்கும் தகுதியைக் கொடுத்தது. இன்னொருவர் வீட்டு மூலை இனி வேண்டாம் என்று சொல்லும் தகுதி அது.

இதையெல்லாம் நன்றியோடுதான் சொல்கிறேன். 1941 வரை அங்கே இயங்கிய அந்த விடுதி இல்லாமல் இந்த மாநிலத்தின் பெண்கல்வியை எழுத முடியாது.

*

இப்போது அத்தைப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் தாத்தாவின் அக்கா அவர். திருச்சிப் பக்கம் காவிரிக் கரையில் ஒரு கிராமம். பதினாறு வயதில், 1936இல், கணவர் காலராவில் போய்விட்டார். எங்கள் சாதியில் ஒரு காலத்தில் அறுத்துக் கட்டும் வழக்கம் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் நாலு ஏக்கர் சேர்ந்ததும், பெண்களை வயலுக்கு அனுப்பாமல் இருப்பது கௌரவம் ஆனதும், மறுமணமும் நின்றுபோயிற்று. மேலே போகிறோம் என்று நினைத்தவர்கள் அக்கிரகாரத்தைப் பார்த்து ஏறினார்கள். ஏறும் படியாக வீட்டுப் பெண்களைப் போட்டார்கள். தலை மழிக்கவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அத்தைப் பாட்டி எழுபத்தொன்பது வயது வரை இருந்தார். கொல்லைத் தாழ்வாரத்தில், நெல் குதிருக்கும் சுவருக்கும் நடுவில் அவர் படுக்கை. பலசரக்குப் பொட்டலம் கட்டி வரும் காகிதத்தைப் பிரித்து நீவி, அதை வைத்தே எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவர். நான் எம்.ஏ. படிக்கும்போது என் புத்தகத்தை வாங்கி முகர்ந்து பார்ப்பார். "எனக்கு இடம் இல்லன்னு சொல்லக் கூடாதுடி. மூலை இருந்துச்சு" என்பார். கிண்டலா, சமாதானமா என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

1936இல் ஐஸ் ஹவுஸ் விடுதி நடந்துகொண்டிருந்தது. திருச்சியிலிருந்து ஒரு இரவு ரயில் பயணம். என் அத்தைப் பாட்டி எப்படியோ வந்து அந்தக் கதவைத் தட்டியிருந்தாலும், அது அவருக்காகத் திறக்கும்படி அமைக்கப்பட்ட கதவு அல்ல. நடுக்குப்பத்துப் பெண்ணுக்கு ரயில்கூட வேண்டாம், நடந்தே வந்திருக்கலாம். அவளுக்கும் அதே பதில்தான். என் மாணவியின் கேள்வி என் கேள்வியாகவும் இருந்திருக்க வேண்டும். எனக்கு ஏன் அது இத்தனை ஆண்டுகள் தோன்றவில்லை?

*

கதவை அப்படி வைத்ததற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

பூப்படையும் முன் திருமணம் என்பதும், கணவன் இறந்தால் ஆயுளுக்கும் மூலை என்பதும் பிராமணக் குடும்பங்களில்தான் மிகக் கடுமையாக இருந்தன. நோய் அதிகமாக இருந்த இடத்தில் மருந்து தொடங்கியது. அடுத்தது, பெண்ணை அனுப்பவேண்டிய குடும்பங்கள். யார் சமைக்கிறார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள், யார் பக்கத்தில் படுக்கிறாள் என்பதை வைத்துத்தான் அவர்கள் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். 1889இல் பண்டித ரமாபாய் தொடங்கிய சாரதா சதனத்துக்கு நேர்ந்ததைச் சுப்பலட்சுமி அறிந்திருப்பார். அங்கிருந்த விதவைகள் மதம் மாற்றப்படுகிறார்கள் என்ற கூச்சல் எழுந்ததும் 1893இல் குடும்பங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. ஒரு வதந்தி போதும், மூலையிலிருந்து எழுந்தவளை மறுபடி மூலைக்கு அனுப்ப. ஆசாரத்தில் கைவைக்காமல் படிப்பை உள்ளே கொண்டுவருவது என்பது அவருடைய வழி. சாதிக் கதவு அந்த வழியின் விலை.

இந்த நியாயம் எனக்குப் புரிகிறது. புரிவதனாலேயே அதில் ஓர் ஓட்டையும் தெரிகிறது. விலை என்று சொன்னால், யார் கொடுத்த விலை?

சுப்பலட்சுமி தன் பங்கைக் கொடுத்தார். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. அரசுப் பணியில் இருந்ததால், 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் சேரவும் அவருக்குத் தடை இருந்தது. கூட்டங்களுக்குப் போவார், உறுப்பினராக முடியாது. அவர் கையெழுத்திட்ட சமரசங்களுக்கு அவரே ஒரு பகுதி வட்டி கட்டினார். ஆனால் மீதியைக் கட்டியவர்கள் கதவுக்கு வெளியே இருந்தவர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. 1917க்குப் பிறகு வீடு அரசு வீடு. அரசுப் பணத்தில் குப்பத்துக்காரரின் வரியும் இருந்தது.

'முதலில் இவர்கள், பிறகு மற்றவர்கள்' என்று சொல்லலாம். விடுதியில் படித்தவர்கள் ஆசிரியைகளாக மாவட்டங்களுக்குப் போனார்கள், அவர்களிடம் எல்லாச் சாதிப் பெண்களும் படித்தார்கள் என்றும் சொல்லலாம். உண்மை. ஆனால் மூடிய கதவுகள் எல்லாமே இதைத்தான் சொல்லும். பிறகு, பிறகு என்று. அத்தைப் பாட்டிக்கு 'பிறகு' வரவில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆயுள்.

வேறு வழி இருந்ததா என்று கேட்டால், அடையாறில் இன்றும் நிற்கும் ஔவை இல்லத்தைக் காட்டலாம். முத்துலட்சுமி ரெட்டியும் சுப்பலட்சுமி பிறந்த அதே 1886இல் பிறந்தவர். தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த பெண்கள் சிலர் தன் வீட்டுக் கதவைத் தட்டியபோது, அவர்களை ஏற்க விடுதி கிடைக்காமல், 1930 வாக்கில் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அந்த இல்லம் சாதி பார்க்கவில்லை. ஆனால் இரண்டையும் எடைபோட்டு ஒருவருக்கு முழு மதிப்பெண், இன்னொருவருக்குப் பாதி என்று போடுவதில் எனக்கு விருப்பமில்லை. நடுவில் பதினெட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன. சுயமரியாதை இயக்கம் வந்திருந்தது. 1929இல் செங்கல்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டிருந்தது. முத்துலட்சுமியோ சட்டமன்றத்தில் இருந்தவர். அந்த முறையில் பிறந்த ஒரு தாயின் மகள். கதவைத் தட்டுபவர் யார் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசலில் நிற்பவளின் இடத்தில் தன் தாயை வைத்துப் பார்க்க முடிந்தவருக்குக் கதவு வேறு மாதிரி திறக்கும். ஔவை இல்லத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்.

*

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் ஏதோ கரையில் நின்று நியாயம் பேசுவதுபோல் இருக்கும். அப்படி இல்லை.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மூன்று ஆண்டுகள் விடுதித் துணைக் காப்பாளராக இருந்தேன். சேர்க்கை நேரத்தில் அப்பாக்கள் வருவார்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, அரியலூர் என்று எங்கிருந்தோ இரவெல்லாம் பயணம் செய்து, மஞ்சள் பையோடு நிற்பார்கள். "கேட் எத்தனை மணிக்கு மூடுவீங்க மேடம்?" என்பதுதான் முதல் கேள்வி. கட்டணம் எவ்வளவு என்பதுகூட இரண்டாவதுதான். "ஆறரை. ஒரு நிமிஷம் தாண்டினா வீட்டுக்குப் போன் பண்ணிடுவோம்" என்று குரலை உயர்த்திச் சொல்வேன். அவர் முகம் தெளியும். பெண்ணை விட்டுவிட்டுப் போவார். அந்தக் கதவில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஆறரை என்று சொன்னால்தான் அந்தப் பெண் சென்னையில் படிப்பாள், ஒன்பது என்றால் அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம். நான் செய்தது ஒரு சின்ன ஐஸ் ஹவுஸ் கணக்கு.

இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவி தி.நகரில் ஒரு கடையில் பகுதி நேர வேலைக்குப் போனாள். அப்பா இல்லை. அம்மா அனுப்ப ஒன்றும் இல்லை. கடை விட்டு, பேருந்து பிடித்து வரும்போது மணி எட்டாகும். முதல் முறை எச்சரிக்கை. இரண்டாம் முறை விளக்கக் கடிதம். மூன்றாம் முறை அவள் பெயரை விடுதியிலிருந்து நீக்கும் தாளில் நான் கையெழுத்திட்டேன். 'ஒருத்திக்குத் தளர்த்தினா மத்த அப்பாக்கள் கேட்பாங்க' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு புதன்கிழமை. அந்தப் பருவத் தேர்வை அவள் எழுதவில்லை.

எந்த அப்பாவையும் சமாளிக்க நான் வைத்த கதவு, அப்பாவே இல்லாத பெண்ணின் முகத்தில் மூடியது. என் சமரசத்தின் விலையை அவள் கட்டினாள். இன்றைக்கு அந்த அறை எண் எனக்கு நினைவிருக்கிறது, இருபத்தேழு. அவள் பெயரின் முதல் பாதிதான் நினைவிருக்கிறது. ஆறரை மணிக் கதவால் படித்து முடித்தவர்களின் பெயர்கள் எனக்கு நன்றாகத் தெரியும். திருமணத்துக்கு அழைக்கிறார்கள், ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள்.

சுப்பலட்சுமியின் கதவைப் பற்றி என் மாணவிக்கு நான் அவசரமாகச் சமாதானம் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறது. நான் காப்பாற்ற நினைத்தது அவரை மட்டும் இல்லை.

*

சமரசமே கூடாது என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சமரசமே செய்யாத ஒரு சுப்பலட்சுமி எழும்பூரில் அந்த நான்கு சிறுமிகளையும் பெற்றிருக்க மாட்டார். ஆனால் சமரசம் செய்பவள் இரண்டு காரியங்களாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, அது சமரசம் என்பதை மறக்கக் கூடாது. ஆறரை மணி என்பது ஓர் அப்பாவைச் சமாளிக்கச் சொன்ன நேரம். மூன்றாம் ஆண்டில் நானே அதை ஒழுக்கம் என்று பேசத் தொடங்கியிருந்தேன். விதி பழகிவிட்டால் அதற்கு நாமே தத்துவம் எழுதிவிடுகிறோம். இரண்டாவது, வெளியே நின்றவர்களின் கணக்கை வைத்திருக்க வேண்டும். உள்ளே வந்தவர்களுக்குப் பதிவேடு இருக்கிறது. தட்டிப் பார்த்துத் திரும்பியவர்களுக்கும், தட்டினால் திறக்காது என்று தெரிந்து வராமலே இருந்தவர்களுக்கும் பதிவேடு இல்லை. அந்தக் கணக்கை வைத்திருப்பவள்தான் அடுத்த கதவை அகலமாக வைப்பாள்.

சுப்பலட்சுமி இதில் எங்கே நிற்கிறார்? ஐஸ் ஹவுஸில் சேர முடியாத, வயது கடந்த பெண்களை அவர் மறக்கவில்லை என்பது தெரிகிறது. 1927இல் தொடங்கிய சாரதா வித்யாலயா அவர்களுக்கும் இடம் கொடுத்தது. அந்தப் பள்ளி இன்றும் தி.நகரில் நடக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1942இல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்கான பள்ளி தொடங்கினார். பிறகு தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்துக்குப் போய்க் கிராமத்துப் பெண்களோடு வேலை செய்தார். 1969இல் இறக்கும்வரை ஒரு கதவு வைத்ததும் அடுத்த கதவைத் தேடிக்கொண்டிருந்தவர். அதனாலேயே அவர் மீது வைக்கும் கேள்வி அவருக்கு அவமரியாதை ஆகாது என்று நம்புகிறேன். அவர் முதல் கதவைத் திறந்திருக்காவிட்டால், அது ஏன் அகலமாக இல்லை என்று கேட்க என் மாணவி கல்லூரிக்கு வந்திருப்பாளா என்பதே சந்தேகம். நன்றியும் கேள்வியும் ஒரே வாயிலிருந்து வரலாம். நன்றி சொன்னவள் கேள்வி கேட்கக் கூடாது என்பது மூலையில் உட்காரவைத்தவர்களின் சட்டம். "மூலை இருந்துச்சு" என்று அத்தைப் பாட்டி சொன்னது கிண்டல்தான் என்று இப்போது தோன்றுகிறது.

*

இந்த ஆண்டும் போனோம். எதிரில் மர நிழலில் நின்று, வீட்டில் இருந்தவர்களை வரிசையாகச் சொன்னேன். பனிக்கட்டி, ஐயங்கார் குடும்பம், துறவிகள், விதவைகள், 1941க்குப் பின் ஆசிரியைகள். அதோடு நிறுத்தாமல், யார் யார் இங்கே வந்திருக்க முடியாது என்றும் சொன்னேன். என் அத்தைப் பாட்டியின் பெயரைச் சொன்னேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கேள்வி கேட்ட பெண் இப்போது பி.எட். படிக்கிறாள். நான் கூப்பிட்டிருந்ததால் வந்திருந்தாள். மாணவிகள் முன்னால் அவளிடம் சொன்னேன்: "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லல. உள்ள விட்டிருக்க மாட்டாங்கம்மா." அவள் சிரித்தாள். அது அவளுக்குத் தெரிந்த பதில்தான்.

"எங்க ஆயா கிட்ட கேட்டேன் மேடம்" என்றாள். "அவங்க அம்மா கூடையில மீன் எடுத்துட்டு இந்தப் பக்கம் எல்லாம் போவாங்களாம். இந்த வீட்டு முன்னாடி வந்தா மட்டும் கூவ மாட்டாங்களாம். இங்க யாரும் வாங்க மாட்டாங்கன்னு தெரியும்ல. ஆனா சாயங்காலம் உள்ளருந்து பொண்ணுங்க சத்தமா பாடம் படிக்கிறது வெளிய கேக்குமாம். நின்னு கேட்டுட்டுப் போவாங்களாம்."

என் நோட்டில் அதை எழுதிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் பெயரையும் கேட்டு எழுதினேன்.